இரண்டு வேளைத் தண்ணீர்

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

உங்கள் தக்காளிச் செடி செத்துப்போய்விட்டது. முதலில் ஏதாவது நல்ல சேதி சொல்லித் தொடங்கலாம் என்று நாலு நாளாக யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கத்தரியும் போய்விட்டது. பெயிண்ட் வாளியில் இருந்த பச்சை மிளகாய் இலையெல்லாம் மஞ்சளாகி நிற்கிறது, இந்த வாரம் தாங்காது. புதினா மட்டும் இருக்கிறது. எவ்வளவு ஊற்றினாலும் அழுகாத ஜீவன் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. மேட்டூர் அணை திறந்து, நம் வீட்டெதிரே ஓடும் புதாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பால்கனியில் நின்றால் கரை நிறைய ஓடுவது தெரிகிறது. போன வருஷம் தண்ணீர் வந்த அன்று, பார்க்க வேண்டும் என்று நாற்காலியை ஆற்றுப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னீர்கள். மறுநாளே சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டீர்கள். பார்க்கப் பார்க்கத் தொண்டை காய்கிறது என்றீர்கள். அன்றைக்கு நான் சிரித்தேன், அண்ணி. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டால் யாருக்குக் கேட்கப்போகிறது?

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதப்போகிறேன். எழுதினால்தான் எனக்கு வரிசையாக வருகிறது.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகுதான் உங்களுக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது. அண்ணன் ஆசையாக திருக்காட்டுப்பள்ளி வயலிலிருந்து இரண்டு சாக்குக் களிமண் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவது மாடிக்கு மூச்சிரைக்கத் தூக்கி வந்தவரிடம், "தொட்டியில நெல்லா நடப்போறேன்?" என்று கேட்டீர்கள். பாவம், அவர் முகம் தொங்கிப்போனது. மணலும் தேங்காய் நாரும் மக்கிய சாணமும் கலந்து நீங்களே மண் தயார் செய்தீர்கள். பெயிண்ட் வாளிகளின் அடியில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டீர்கள். தண்ணீர் நிற்கக் கூடாது, வந்த தண்ணீர் போயாக வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் வேறு நடத்தினீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஒட்டினால் ஊற்றாதே என்றீர்கள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது உங்கள் பால்கனிதான். தக்காளி உங்களுக்கு ஆகாது, கீரை ஆகாது. பறித்துப் பறித்து எங்கள் தட்டில் போட்டுவிட்டு, நீங்கள் பொட்டாசியம் போக வேகவைத்து வடித்த சக்கைக் காயைச் சாப்பிட்டீர்கள். அந்த வடித்த தண்ணீரையும் வீணாக்காமல் ஆறவைத்துச் செடிக்கு ஊற்றினீர்கள். உப்புப் போடுவதற்கு முன்னால் வடி என்று தினமும் எனக்கு ஞாபகப்படுத்தினீர்கள், செடிக்கு உப்பு ஆகாதாம். உங்களுக்கும்தான் ஆகாது. அதை ஒரு நாளும் சொன்னதில்லை.

தண்ணீரை அளக்கிற வேலை எனக்கு வந்தது. குடித்தது உங்கள் உடம்பை விட்டுப் போகாது என்பதால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், காபியும் ரசமும் அதற்குள்ளேயே. அண்ணனை நம்பி விட முடியாது, நீங்கள் முகத்தைச் சுருக்கினால் அவர் இளகிவிடுவார். கல்யாணம் ஆகாத நாத்தனார், அதுவும் பத்திர ஆபீசில் டைப் அடிக்கிறவள், சர்வே நம்பரில் ஒரு எண் தப்பினால் இரண்டு குடும்பம் வெட்டிக்கொள்ளும் என்று தெரிந்தவள். அளவு விஷயத்தில் கறாராக இருப்பேன் என்று நீங்களும் நம்பினீர்கள், அண்ணனும் நம்பினார். பாட்டிலில் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்தேன். அந்தக் கோடுகளுக்காக நீங்கள் என்னை தாசில்தார் என்று கூப்பிட்டீர்கள்.

இனி, நான் யாரிடமும் சொல்லாதது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் மழை விடட்டும் என்று நின்றேன். நீங்கள் பால்கனிக் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையில் விழுந்த மழைத் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்தீர்கள். திருடி அகப்பட்ட மாதிரி இருந்தது உங்கள் முகம். ஐம்பத்திரண்டு வயது அண்ணி, என்னைக் கையைப் பிடித்து இந்த வீட்டுக்குள் கூட்டி வந்தவர், என் முன்னால் அப்படி நின்றீர்கள்.

"அரை டம்ளர் குடு செல்வி. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத."

கொடுத்தேன். வாசலுக்கு வந்த அந்நியனுக்கே முதலில் செம்பை நீட்டுகிற ஊரில் பிறந்துவிட்டு, கேட்ட வாய்க்கு எப்படி இல்லை என்பது? நாலு மடக்குத் தண்ணீரை நீங்கள் நாலு நிமிஷம் குடித்தீர்கள். அதற்குப் பிறகு ஆபீஸ் நாட்களில் மத்தியானம் நான் வருவதும், நீங்கள் டம்ளரைத் தயாராக வைத்திருப்பதும் வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் கோடு போட்ட பாட்டிலை அண்ணனிடம் தூக்கிக் காட்டுவேன். கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.

டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் முதலில் எடை பார்ப்பார்கள். நர்ஸம்மா ஒருமுறை சத்தம் போட்டார், மூன்று நாளைக்குள் எப்படி நாலு கிலோ ஏறியது என்று. எனக்கும் குழப்பமாக இருந்தது. நான் கொடுக்கிற அரை டம்ளர் இவ்வளவா செய்யும்? உங்களுக்கு இந்தப் பக்கம் நான் தரையைப் பார்த்து நின்றேன். அந்தப் பக்கம் அண்ணனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் அளவு தப்பிவிட்டது என்று எனக்காக அவர் வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நடுவில் நீங்கள் மட்டும் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தை அறுவடை நேரத்தில் உங்களுக்கு மூச்சுத் திணறியது. நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இரண்டே நாள். அந்த வார்த்தையை நான் இன்று வரை முழுங்கவில்லை. வைரஸ் என்றோ இருதயம் என்றோ அவர் சொல்லியிருக்கலாம். தண்ணீர் என்றார்.

காரியம் முடிந்த மறுநாளிலிருந்து உங்கள் செடிகளை நான் எடுத்துக்கொண்டேன். பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நீல மக்கால் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு தொட்டிக்கு ஒரு மக். விரல் விட்டுப் பார்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் விரல் போன மண்ணில் என் விரலை விட மனசு வரவில்லை. மாசிக்குள் இலை மஞ்சளானது. நர்சரிக்காரரிடம் ஒரு கிளையை ஒடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். தண்ணீர் அதிகம், வேர் அழுகியிருக்கும் என்றார். ஒரு மக்தானே ஊற்றுகிறேன் என்று அவரிடம் சண்டைக்கே போனேன்.

பிறகு கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார்கள். துணி காயப்போட முடியவில்லை, காலையிலும் சொட்டுகிறது, சாயந்திரமும் சொட்டுகிறது, ஒரு வேளையாவது நிறுத்தக் கூடாதா என்று தன்மையாகத்தான் கேட்டார்கள். காலையில் நான் ஊற்றுவதே இல்லை என்றேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் குளிக்கப் போகிறவள் போல் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அண்ணன் பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீல மக்கால் தக்காளிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே செத்த குச்சி. கொள்முதல் நிலையத்தில் ஊர் நெல்லுக்கெல்லாம் மிஷின் வைத்து ஈரப்பதம் பார்க்கிற மனுஷன், ஒரு சதவீதம் கூடினாலும் மூட்டையைத் திருப்பிக் காயவைக்கச் சொல்கிறவர், ததும்பி நிற்கிற தொட்டியில் மேலும் ஊற்றுகிறார். நீங்கள் இருந்தவரை அவர் ஒரு செடியைத் தொட்டதில்லை. இப்போது தொடுவதை நான் பார்த்துவிடக் கூடாது என்று வெட்கம்.

எனக்குக் கோபம் வந்தது. தினமும் ஊற்றுகிறீர்களா என்று கேட்டேன். தலையாட்டினார். நானும் தினமும் ஊற்றுகிறேனே, சொல்லக் கூடாதா, இரண்டு பேருமாகச் சேர்ந்து கொன்றுவிட்டோமே என்றேன். செடியைத்தான் சொன்னேன், அண்ணி. சத்தியமாகச் செடியைத்தான்.

அவர் மக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"அவளுக்கும் இப்படித்தான் ஊத்திக் குடுத்தேன் செல்வி. காலையில நீ குளிக்கப் போனப்புறம். நீ அளவு மாற மாட்டே, உங்கிட்ட கேட்டு அவளுக்குக் கெடைக்காது. நானும் குடுக்கலன்னா வேற யாருதான் குடுப்பா?"

செல்விக்குத் தெரிய வேண்டாம் என்று அவரிடம் சொன்னீர்களாம்.

இப்போது நான் கேட்கிறேன், பதில் வராது என்று தெரிந்தே கேட்கிறேன். காலையில் அவரிடம், மத்தியானம் என்னிடம். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சு விடவில்லையே. வந்த தண்ணீர் போயாக வேண்டும் என்று வாளிக்கு ஓட்டை போட்டவருக்கு, போகாத தண்ணீர் என்ன செய்யும் என்று தெரியாதா? வெறும் தாகம்தானா? இல்லை, வாரத்துக்கு இரண்டு நாள் ஊசியும் குழாயுமாக இருந்தது போதும் என்று தோன்றிவிட்டதா? எங்கள் இரண்டு பேர் கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு எங்களை இப்படி விட்டுவிட்டுப் போனீர்களே. எனக்கு உங்கள் மேல் கோபம். அந்தக் கோபம் சாப்பிட உட்காரும்போது வந்து, தட்டைக் கழுவுவதற்குள் அழுகையாகிவிடுகிறது.

அதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. அண்ணன் அதைச் சொன்ன நிமிஷம், எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் மட்டும் இல்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதியில் வாயை மூடிக்கொண்டேன். உள்ளே போய் உலை வைத்தேன். நானும் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பங்கையும் சேர்த்து அவர் தலையில் வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

அது நடந்து நாலு நாள் ஆகிறது. அன்றிலிருந்து அவர் செடிக்கு ஊற்றவில்லை. நானும் ஊற்றவில்லை. சாப்பிடும்போது செம்பைத் தள்ளி வைக்கிறார். இந்த வெயிலில் நாள் முழுக்கக் களத்தில் நின்றுவிட்டு வருகிற மனுஷன், உதடு வெடித்திருக்கிறது. ஏன் குடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்கிறார். நேற்று அவர் முக்கால் லிட்டர்கூடக் குடிக்கவில்லை. எனக்குத் தெரியும், அளந்தேன். அந்த நகப்பூச்சுக் கோட்டுப் பாட்டிலைத்தான் அவர் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்து விடுகிற ஊர் நமது. இன்று உனக்கு, நாளை எனக்கு என்று ஊரறியச் சொல்லித்தான் மடையைத் திறப்பார்கள். ஒரு வீட்டுக்குள், ஒரு மனுஷிக்கு, இரண்டு பேரால் அது முடியாமல் போனது.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று சாயங்காலமும் அவர் எதிரே உட்கார்ந்து, மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். உங்களுக்கு என்று எழுதினால் பொய் சொல்ல முடியாது பாருங்கள்.

செடிக்கு ஊற்றாவிட்டாலும், வேலைக்குப் போகும் முன் பால்கனியில் அந்த நீல மக்கை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார். இதை மடித்து அதற்குள் வைக்கப்போகிறேன். காலையில் நான் குளிக்கப் போக மாட்டேன். அவர் படித்து முடிக்கும் வரை கதவோரம் நிற்பேன், கையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு. அவர் என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும், பேசாமல் இருக்கட்டும். அதைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் நகர்வேன். இனி இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் யாருக்கும் தண்ணீர் ஊற்ற மாட்டோம். உங்கள் புதினா மேல் ஆணை.

உங்களுக்கு அரை டம்ளர் கொடுத்த,
உங்கள் நாத்தனார்
செல்வி