பெற்றவளுக்கு ஒரு வண்டி விறகு

11 நவம்பர் 2024, திங்கள்

காலையில் விறகு வந்துவிட்டது.

டிராக்டர் சத்தம் கேட்டு நைனா வெளியே போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிரெய்லர் நிறைய மாமர விறகு. நாகலாபுரத்தில் பாதி வீடுகளுக்கு விறகு போடுகிற கன்னையா கொண்டுவந்திருந்தார். என் வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா அவரிடம் சொல்லிவைத்த லோடு இது. பச்சை விறகு வேண்டாம், நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் போதும் என்று சொல்லியிருந்தாள். காய்ந்துவிட்டது, கொண்டுவந்துவிட்டார். பாவம், வேண்டாம் என்று அவருக்கு யாரும் போன் செய்யவில்லை. எங்கள் யாருக்கும் விறகு ஞாபகமே வரவில்லை.

இறங்கும்போதே சிரித்துக்கொண்டு கேட்டார்: "இன்னா கொழந்த? பொண்ணா, பையனா?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மாதான் வந்தாள். "மொதல்ல விறக எறக்கு" என்றாள்.

தீபாவளிக்கு மறுநாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் என் குழந்தை இறந்தே பிறந்தது. இப்படி எழுதினால் எழுத முடிகிறது. வேறு யார் வீட்டு விஷயத்தையோ எழுதுகிற மாதிரிதான் இருக்கிறது.

பிறக்கப்போகும் குழந்தைக்கு எங்கள் வீட்டில் முன்கூட்டி எதுவும் வாங்கமாட்டார்கள். ஒரு சட்டை கூடாது, கிலுகிலுப்பை கூடாது, தொட்டில் கயிறுகூடக் கூடாது. வாங்கினால் ஆகாதாம். விறகு மட்டும் வாங்கலாம். ஏனென்றால் விறகு குழந்தைக்கு இல்லை, பெற்றவளுக்கு. தினமும் காலையில் அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி இடுப்பிலும் முதுகிலும் அடித்து ஊற்றுவதற்கு. ஆக, எடுத்து ஒளித்துவைக்க இந்த வீட்டில் எதுவுமே இல்லாமல் இருந்தது. நல்லதாயிற்று என்றுகூட நினைத்தேன். இப்போது ஒரு வண்டி விறகு வந்திருக்கிறது. அதை எங்கே ஒளிப்பது?

கன்னையா இறக்கினார். "எடை போட்டே எடுத்தாந்தேம்மா" என்றார்.

"எடைய நீயே வச்சிக்கோ. அடுக்கிக் காட்டு."

அம்மா விறகை எடையில் நம்பமாட்டாள். ஈர விறகு எடை கூடக் காட்டும், அடுப்பில் வைத்தால் புகைதான் வரும். மதிலோரம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, அவள் மார்பு உயரத்துக்கு அடுக்கு நிற்க வேண்டும். அதுதான் ஒரு லோடு. கன்னையா அடுக்கினார். உயரம் சரியாக வந்தது. ஆனால் விறகுக்காரர் அடுக்கு எப்படி இருக்கும்? முன்வரிசையில் நேர்க்கட்டை, உள்ளே கோணல் கிளை. நடுவில் பூனை புகுந்து போகலாம்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மொத்தத்தையும் சரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்துச் சந்து இல்லாமல் அவளே மறுபடி அடுக்கினாள். ஒருவரையும் தொட விடவில்லை. முடித்தபோது அடுக்கு இடுப்புக்குத்தான் வந்தது.

"மீதி எங்க?" என்று கேட்டாள். தெருக்கோடி வரை கேட்கும் குரல். "எங்கடா போச்சி மீதி? எம் பொண்ணு ஒடம்பு ஒனக்கு வெளையாட்டா? பெத்துட்டு வந்து கெடக்கிறா, அவளுக்குப் போயி அளவுல ஏமாத்துறியே!"

கன்னையா மிரண்டுபோய் நின்றார். "லேதம்மா, லேது... இல்லம்மா, ஒரு நாளும் நீ இப்டி பேசினதில்லியேம்மா" என்றார். நைனா அவரை மெதுவாக மதிலுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கன்னையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தது மட்டும் தெரிந்தது.

சாயந்திரத்துக்குள் இன்னொரு அரை லோடு கொண்டுவந்தார். சந்து இல்லாமல் அவரே அடுக்கினார். அம்மா சரிபார்க்க வெளியே வரவில்லை.

13 நவம்பர், புதன்

பால் நிற்கவில்லை. மல்லிகைப்பூவை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினால் வற்றும் என்று அம்மாவின் வைத்தியம். டாக்டர் தந்த மாத்திரையையும் விழுங்குகிறேன். யார் மனதையும் நோகடிப்பானேன். இந்த மாதத்தில் மல்லிகை கிடைப்பதே கஷ்டம், நைனா புத்தூர் வரை போய் வாங்கிவந்தார். நாள் முழுக்க வீட்டில் கல்யாண வாசனை. அவிழ்த்தபோது பூ பழுத்துப்போயிருந்தது. அம்மா அதைக் குப்பையில் போடாமல் தென்னை மரத்தடியில் கொட்டினாள்.

14 நவம்பர், வியாழன்

பொன்னியம்மா வந்திருந்தாள். எங்கள் தெருவில் யார் பெற்றாலும் வெந்நீர் ஊற்றுவது அவள்தான். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, ஊற்றுகிற கோலத்திலேயே வந்துவிட்டாள்.

"புள்ள இல்லன்னா இன்னா கண்ணு? பெத்த ஒடம்பு பெத்த ஒடம்புதான? காத்து பூந்துக்கும். நாளைக்கி இடுப்பு புடிச்சிக்கினா யாரு பாக்கிறது?"

வேண்டாம் என்றேன். அம்மாவும் ஒருமுறை கேட்டாள். அவளிடமும் வேண்டாம் என்றேன். மோட்டார் குழாயிலேயே குளித்துக்கொள்கிறேன். சில்லென்று இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அதுவும் தெரியவில்லை. அந்தக் குளியல் குழந்தைக்காரியுடையது. வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி போட்டு, படுக்கவைத்து, பக்கத்தில் குழந்தையைக் கொண்டுவந்து விடுவார்கள். எனக்கு ஊற்றிவிட்டு எதைக் கொண்டுவந்து விடுவார்கள்?

நான் என் குழந்தையைப் பார்க்கவில்லை. எனக்கு ரத்தம் நிற்காமல் உள்ளே வைத்திருந்தார்கள். கண் விழித்தபோது, என் வீட்டுக்காரர் அஷ்வினும் நைனாவும் அவளை இங்கே கொண்டுவந்து ஏரிக்கரைப் பக்கம் புதைத்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். "பெத்தவளுக்குக் காட்டாதீங்க, பாத்தா மனசுல நின்னுக்கும்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். பார்க்காமல் விட்டால் போய்விடுமா? பெண் என்று நர்ஸ் சொன்னாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

17 நவம்பர், ஞாயிறு

அஷ்வின் வந்தார். திருச்சானூர் லாட்ஜில் ரிசப்ஷன் வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருகிறார். சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றார். மாற்றினீர்களா என்றேன். மாற்றினேன் என்றார். என் கூரியர் ஆபீசிலிருந்து விசாரித்தார்களாம். சரி என்றேன்.

"கோயில்ல அம்மாவாரு பிரம்மோற்சவம் வருது. அப்புறம் லீவு கெடைக்காது. அதுக்குள்ள வீட்டுக்குப் போலாமா கௌசி?"

"பார்க்கலாம்."

அப்புறம் இருவரும் விறகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்தது அது ஒன்றுதான்.

அவர் குழந்தையைப் பார்த்திருக்கிறார். தூக்கியிருக்கிறார். நான் பத்து மாதம் சுமந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அவரோடு அந்த வீட்டுக்குப் போய் எப்படிச் சமைத்து, துணி துவைத்து, தூங்கி எழுந்திருப்பது? கேட்டால் சொல்வாரா? கேட்க ஏன் வாய் வரவில்லை? அவர் மேல் கோபமா? கோபம் வந்தால்கூடத் தேவலை.

நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

19 நவம்பர், செவ்வாய்

தூறல். ஒன்றும் இல்லை.

21 நவம்பர், வியாழன்

பின்தெரு சபீனா அக்கா விறகு கேட்டு வந்தார். அவர் மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். தூறலில் அவர்கள் வீட்டு விறகு நனைந்துவிட்டது. ரெண்டு நாளைக்குக் கொடுத்தால் போதும் என்றார். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

"தர முடியாது" என்றாள் அம்மா. அப்படியே, மூஞ்சிக்கு நேராக. அரிசி, மோர், நகை வரை இரவல் கொடுக்கிறவள்.

அவர் போனதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. "எரிக்கவும் மாட்ட, குடுக்கவும் மாட்ட, அப்புறம் இன்னாத்துக்கும்மா அது? வெச்சி அழகு பாக்கவா?"

"எரிக்க மாட்டேன்னு நானாடி சொன்னேன்?"

அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து நைனாவிடம் ஒரு கட்டு விறகைக் கொடுத்து சபீனா அக்கா வீட்டுக்கு அனுப்பினாள்.

பெத்தது நான். அழறது எல்லாரும். எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது? நான் இன்னா கட்டையா?

24 நவம்பர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மதியம் வானம் கறுத்துவிட்டது. விறகையெல்லாம் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிடலாம் என்றாள் அம்மா. அஷ்வினும் நைனாவும் சுமந்தார்கள். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். நைனா தார்ப்பாய் எடுக்கப் போனார். அம்மா உள்ளே இருந்தாள்.

அஷ்வின் அதுவரை அள்ளி அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், ஒரு கட்டையைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். விறகை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. நான் பார்ப்பதைக் கவனித்ததும் சட்டென்று கீழே வைத்தார்.

"அவ எவ்ளோ கனம் இருந்தா?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவேயில்லை. வாய் கேட்டுவிட்டது.

"ரெண்டு கிலோ அறுநூறுன்னு சொன்னாங்க."

"அவங்க சொன்னத கேக்கல. உங்க கையில."

அவர் என்னையே பார்த்தார். பிறகு அடுக்குப் பக்கம் திரும்பினார். ஒன்றை எடுத்தார், வைத்துவிட்டார். இன்னொன்றை எடுத்து, "இது ஜாஸ்தி" என்றார். அடுத்ததை எடுத்து ஏந்திப் பார்த்து, "இல்ல" என்றார். அடியிலிருந்து ஒன்றை உருவியபோது மேல்வரிசை சரிந்து காலருகே விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கையில் இருந்ததோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"இது. இவ்ளோதான் இருந்தா."

என் கையை மடக்கச் சொல்லி அதில் வைத்தார். வைத்துவிட்டு, மறுபடி எடுத்துத் திருப்பி வைத்தார்.

"தல இந்தக் கைப்பக்கம்" என்றார்.

பட்டை சொரசொரவென்று இருந்தது. ஒரு எறும்பு ஊர்ந்தது. நான் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கீழ்ப்படியில் குந்திக்கொண்டு தரையைப் பார்த்தபடியே பேசினார். "வெள்ளத் துணியில சுத்திக் குடுத்தாங்க. மாமா டிரைவர் பக்கத்துல குந்திக்கினாரு. நான் பின்னால. புத்தூர் தாண்டினதும் ரோடு குண்டும் குழியுமா இருந்துச்சி. மெதுவா போப்பா, மெதுவா போப்பான்னு சொல்லிக்கினே வந்தேன். குலுங்கிடப் போறான்னு... இனிமே குலுங்கினா இன்னான்னு அந்த டிரைவர் ஒரு வார்த்த கேக்கல. மெதுவாத்தான் ஓட்டினான்."

"மூஞ்சி?"

"ஒன்ன மாரிதான். கோவமா இருந்தா. காலையில எழுப்பினா நீ ஒரு பார்வ பாப்பியே, அந்த மாரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லக்கூடாதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க கௌசி. நீ கேப்பியா, கேப்பியான்னு பாத்துக்கினே இருந்தேன்."

"கேட்டா சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியல."

தூறல் விழ ஆரம்பித்தது. நைனா தார்ப்பாயோடு வந்தார், எங்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார். அஷ்வின் என் கையிலிருந்து கட்டையை எடுத்தார். தோளில் போடாமல் ஏந்தியபடியே கொண்டுபோய்க் கொட்டகையில் மற்றதோடு வைத்தார். எது என்று நான் அடையாளம் பார்த்துவைக்கவில்லை. பார்த்திருக்கலாம். வேண்டாம் என்றுதான் விட்டேன்.

இன்று அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை.

26 நவம்பர், செவ்வாய்

காலையில் அம்மாவிடம், "தண்ணி காய வையும்மா" என்றேன்.

அவள் கொட்டகைக்குப் போய்க் கை நிறைய விறகு எடுத்துவந்தாள். மாவிறகு முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. யார் சொன்னார்களோ, பொன்னியம்மா வந்து நின்றாள். என்னைப் பலகையில் உட்காரவைத்து, முதல் சொம்பை முதுகில் ஓங்கி ஊற்றினாள்.

"சுடுதும்மா!" என்று கத்திவிட்டேன்.

பொன்னியம்மா கை நின்றுவிட்டது. அம்மா ஓடிவந்தாள். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். பதமாகத்தான் இருந்திருக்கும் போல. சொம்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"சுடட்டும்" என்றாள். "சுடட்டும்டி கண்ணு."

அடுத்த சொம்பும் சுட்டது. அதற்கு அடுத்ததும். வாயைத் திறந்து, குழந்தை மாதிரி, சத்தம் போட்டு அழுதேன். நிறுத்தத் தெரியவில்லை. அண்டா காலியாகும் வரை அம்மா ஊற்றினாள்.

நாளைக்கும் காய வைக்கச் சொல்லியிருக்கிறேன்.