நவம்பர் நாலாம் தேதித் தாள்

கொடைக்கானல் பஜார்
17-11-61

அன்பு மகள் ஆசியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை யாகூப்பும் பிள்ளைகள் ரெண்டும் பினாங்கில் மேலுக்கு ஒரு கொறையில்லாம இருக்கணும்னு அஞ்சு வேளையும் அல்லாகிட்டக் கேட்டுக்கிட்டிருக்கேன். இங்க எங்க உடம்புக்குப் பெருசா ஒண்ணுமில்ல, என் மனசுக்குத்தான் சொகமில்ல, அதைக் கீழே எழுதியிருக்கேன், பொறுமையாப் படி.

ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்ல. பகல் பன்னெண்டு மணிக்கே எதிர்க்கடை தெரியாத மாதிரி மூட்டம் போட்டுக் கெடக்கு. உங்க அத்தாவுக்கு இருமல், ஆனாலும் வெள்ளனே கடை தெறக்கப் போறதை விடமாட்டேங்கறாரு. உன் தம்பி நசுருதீன் பூண்டிக்குப் போயி பூண்டு ஏத்திட்டு வந்தான், வர்ற வழியில ஜீப்பு ரெண்டு எடத்துல சேத்துல மாட்டிக்கிச்சாம். இனி வெசயத்துக்கு வர்றேன். போன டிசம்பர்ல நீ வந்தப்ப தினசரி காலண்டர் ஒண்ணு வாங்கி, ரெண்டு நாளு உக்காந்து முன்னூத்தி அறுபத்தஞ்சு தாளுக்கும் பின்னால தாளுக்கு ஒரு வார்த்தை எழுதி அடுப்படிச் செவத்துல மாட்டிட்டுப் போனியே. அப்ப நீ, அம்மா, பள்ளிக்கூடத்துல என் பிள்ளைகளுக்கு நான் தெனம் கரும்பலகையில ஒரு வார்த்தை எழுதிப்போடுறேன், அவங்க அதை வச்சு நாலு வரி சொந்தமா எழுதுறாங்க, நீயும் காலையில தாளைக் கிழிச்சதும் அதே மாதிரி எழுது, உனக்கு இருக்கிற ஞாபகசக்திக்கு ஒரு பொஸ்தகமே வரும்னு சொன்ன. மூணாங்கிளாஸ் படிச்சவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு நான் எழுதல. தாளைக் கிழிச்சு மொளகு மடிச்சேன், பல்பொடி மடிச்சேன். அது என் தப்புதான். ஆனா பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு உன் சின்னம்மா ஜஹனாரா தெனம் காலையில தயிருக்கு ஒறை மோர் கேக்குற சாக்குல வந்து, கிழிச்ச தாளுல இருக்கிற வார்த்தையைப் பாத்துட்டுப் போயி, ஒண்ணு விடாம எழுதி, மாசத்துக்கு ஒரு கட்டு உனக்கு அனுப்பிக்கிட்டிருந்தாங்கறது எனக்கு உன் அக்டோபர் கடுதாசி வந்துதான் தெரியும்.

அந்தக் கடுதாசியை எண்ணிப் பார்த்தேன் ஆசியா. சின்னம்மா எழுத்தைப் பத்தி மூணு பக்கம். எனக்கு நாலு வரி, அதுலயும் ஒரு வரி அத்தா இருமலுக்கு. சின்னம்மா எழுதினதை உன் கூட வேலை பாக்குற டீச்சருங்க எல்லாரும் கைமாத்திக் கைமாத்திப் படிக்கிறாங்களாம். கடைசியில எழுதியிருந்த பாரு, அம்மாவுக்குத்தான் இதுல விருப்பமில்லையே, அடுத்த வருசக் காலண்டரைச் சின்னம்மாவுக்கே அனுப்பிடுறேன்னு, அதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. கல்யாணமாகி எனக்கு ஓரகத்தியா வந்த புதுசுல மளிகைச் சிட்டையக்கூட எங்கிட்டக் குடுத்து எழுதச் சொன்னவ அவ. அவளுக்கு "ழ" போடத் தெரியாது, இன்னிக்கு வரைக்கும் வாளைப்பழம்தான்.

உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, அவளுக்கு வார்த்தை கெடைக்கக்கூடாதுன்னு நான் ஒரு வேலை பண்ணினேன். அவ வர்றதுக்குள்ள அன்னிக்குத் தாளைக் கிழிச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டேன். வந்து, தாளு எங்கக்கான்னா. அடுப்புல போட்டுட்டேன்னேன். அவ மொகம் கொஞ்சம்கூட மாறாம, சரிக்கா, அப்ப இன்னிக்கு அடுப்புன்னே எழுதிக்கிறேன்னு சொல்லிட்டு மோரை வாங்கிட்டுப் போயிட்டா. மறுநாளு, நாளைக்கு உள்ள தாளையும் இவ பாத்துருவாளோன்னு அதையும் சேத்துக் கிழிச்சுட்டேன். அத்தாவைத்தான் உனக்குத் தெரியுமே, கெழமைய மனசுல வச்சுக்க மாட்டாரு, காலண்டரைப் பாத்துத்தான் சோலி. வியாழக்கெழமை காலண்டருல வெள்ளின்னு இருந்துச்சா, மனுசன் குளிச்சு வெள்ளைச் சட்டை போட்டு அத்தர் பூசி, பதினொன்றரைக்கே கடைய அடைச்சுட்டு ஜும்மாவுக்குப் போயிட்டாரு. பள்ளிவாசல்ல மோதினார் ஒத்தையில பாயை ஒதறிக்கிட்டிருந்தாராம். என்ன ராவுத்தரே, எடம் புடிக்கிறதுக்கு ஒரு நாளு முன்னாடியே வந்துட்டீங்களான்னு கேட்டிருக்காரு. மறுநாளு நெசமான ஜும்மாவுக்குப் போனா, மொத வரிசையில துண்டு போட்டு வச்சு, இது ராவுத்தருக்கு நேத்தே புடிச்ச எடம்னு சொல்லிச் சிரிச்சாங்களாம். வீட்டுக்கு வந்து என்னைத் திட்டல. காலண்டரை ஆணியோட புடுங்கிட்டுப் போயி கடையில மாட்டிட்டாரு. இப்ப அவரே காலையில தாளைக் கிழிச்சு எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா வார்த்தையைச் சத்தமா வாசிக்கிறாரு.

அதுக்குப் பெறகு நானும் எழுத ஆரம்பிச்சேன். உருளைக்கெழங்கு மடிக்கிற தாளுல பென்சிலால எழுதுறேன், சமையல் முடிஞ்சு பகல் லுஹர் தொழுகைக்கு முன்னாடி. மொத நாளு வார்த்தை "உப்பு". எழுத எழுத எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, உன் தம்பி சுன்னத்துக் கல்யாணத்தன்னிக்கு ஜஹனாரா பிரியாணியில ரெண்டு தரம் உப்புப் போட்டதும், மாமியா அதை என் தலையில கட்டுனதும், அவ வாயத் தெறக்காம நின்னதும், அன்னிக்கு அவ கட்டியிருந்த சீலைக்கரை நெறம் வரைக்கும் வந்துருச்சு. மறுநாளு "கண்ணாடி". அது அவ ஒடைச்ச என் சீதனக் கண்ணாடி. அடுத்த நாளு "பூனை". எங்க வீட்டுல பூனையே இல்ல, ஆனாலும் நாலாவது வரியில அவ வந்துட்டா. எந்த வார்த்தையில கால வச்சாலும் அவ வீட்டு வாசல்லதான் போயி நிக்கிறேன். அத்தா வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு, மரியம், இது எழுத்து இல்ல, பஞ்சாயத்துன்னாரு. பஞ்சாயத்தா இருந்தாலும் தெனம் ஒரு நாளு தவறாம எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். பதினாலு தாளு இருக்கு, இதோட வச்சிருக்கேன்.

இப்படி இருக்கையில திங்கக்கெழமை உன் அடுத்த கடுதாசி வந்துச்சு. அதுல, குடைங்கற வார்த்தைக்குச் சின்னம்மா எழுதினதைப் படிச்சேன், அம்மா, நான் பொறந்தப்ப அழவே இல்லையாமேன்னு கேட்டிருந்த. அதைப் படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். அன்னிக்கு நடந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. முப்பத்திநாலு நவம்பர் நாலாம் தேதி, தலைப்பிரசவத்துக்கு எங்க அம்மா வீட்டுக்கு வத்தலக்குண்டுக்கு எறங்குறேன், தொணைக்கு ஜஹனாரா, கல்யாணமாகி மூணு மாசப் பொண்ணு. மலைப்பாதையில ஊத்து ஊருக்கு மேல மண்ணு சரிஞ்சு பஸ் நின்னது, வலி வந்தது, காப்பித் தோட்டத்துக் கொட்டாயில அன்னக்கொடிங்கற கெழவி மருத்துவம் பாத்தது, கூரையில எத்தனை எடத்துல ஒழுகுச்சுங்கறது வரைக்கும் தெரியும். அப்புறம் கண்ணு இருட்டிருச்சு. முழிச்சுப் பாத்தா நீ ஜஹனாரா கையில அழுதுக்கிட்டிருக்க, உன் தலமயிரெல்லாம் நனஞ்சு சொட்டுது. பக்கத்துல எங்க அத்தா பழனியில வாங்கிக் குடுத்த என் குடை மடக்கிக் கெடக்கு. குடை இருந்தும் பச்சைப்புள்ளைய நனைய விட்டவன்னு அன்னிக்குச் சொல்ல ஆரம்பிச்சேன், இருபத்தேழு வருசமா சொல்றேன். கல்யாண வீடு, காதுகுத்து வீடு ஒண்ணு விடல. உங்கிட்டயும் சொல்லியிருக்கேன். அவ ஒரு தடவைகூடப் பதில் பேசுனதில்ல, அதையும் திமிருன்னுதான் நெனச்சேன்.

உன் கடுதாசிய எடுத்துக்கிட்டு நேரா அவ வீட்டுக்குப் போனேன். கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. இது நெசமாடின்னு கேட்டேன். நெசந்தாங்க்கா, புள்ள நீலமா கெடந்துச்சு, கெழவி கைய விரிச்சுட்டா, எனக்கு ஒண்ணும் தெரியல, புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளியில ஓடிப்போயி குடைய மடக்கிட்டு மழையில மொகத்தை நீட்டிப் புடிச்சேன், நாலாவது சொட்டோ அஞ்சாவது சொட்டோ, கத்திருச்சுன்னா. ஏன் எங்கிட்டச் சொல்லலன்னேன். சொன்னா நீங்க அந்தப் புள்ளைய மடியில இருந்து எறக்கியே விட்டிருக்க மாட்டீங்கக்கா, பயந்தே செத்திருப்பீங்க, பொறவு நீங்க வையுறது பழகிப்போச்சு, இப்ப ஆசியா குடைன்னு எழுதிக் கேட்டிருந்தா, எழுதிட்டேன், அவ்வளவுதான்னு சொல்லிட்டுக் கீரைத்தண்டை ஒடிச்சா. அவளோட சேந்து கீரைய ஆஞ்சேன். எனக்குச் சந்தோசம் இல்ல ஆசியா, பொறாமைதான், பெத்தவ நான், என் பிள்ளை மொத மூச்சு விட்டதைப் பாத்த கண்ணு அவளோடது. அவமேல எனக்கிருந்த பெரிய கோவம் அந்தக் குடை ஒண்ணுதான், அதையும் அவளே வாங்கிட்டுப் போயிட்டா. இனி உப்பும் கண்ணாடியும்தான் மிச்சம்.

ஆகையினால நான் கேக்குறது இதுதான். அடுத்த வருசக் காலண்டர் என் பேருக்கு வரணும். சின்னம்மாவுக்கு வேணும்னா தனியா ஒண்ணு அனுப்பு, அதுல இருக்கிற வார்த்தை வேற, இதுல இருக்கிற வார்த்தை வேறயா இருக்கட்டும். என் காலண்டருல நவம்பர் நாலாம் தேதித் தாளுக்குப் பின்னால மட்டும் ஒண்ணும் எழுதாம வெறுமனே விடு. அந்தத் தாளை நான் கிழிக்க மாட்டேன். அன்னிக்குக் காலையில அவளைக் கூப்புட்டுக் கிழிக்கச் சொல்லி, அந்தக் கொட்டாயில நான் கண்ணு மூடிக் கெடந்த நேரம் முழுக்க என்னென்ன நடந்துச்சுன்னு சொல்லச் சொல்லிப் பக்கத்துல உக்காந்து என் கையால எழுதப்போறேன். "ழ" நான் சரியாப் போட்டுக்கிறேன். அந்த ஒரு நாளுதான் அவளுக்கு, மிச்சம் முன்னூத்தி அறுபத்திநாலும் என்னது.

மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல்லு. பிள்ளைகளுக்கு அவங்க நன்னி நான் முத்தம் அனுப்பினதாச் சொல்லு. அல்லா உங்க எல்லாருக்கும் நீண்ட ஆயுசும் பரக்கத்தும் குடுக்கட்டும். பதினாலு தாளையும் நிதானமாப் படிச்சுட்டு வெரசா பதில் போடு, எனக்கும் மூணு பக்கம் வரணும், எண்ணிப் பாப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா
மரியம் பீவி