மேட்டு நிலமும் சொல்லக் கூடாத பெயரும்

செப்டம்பர் 9

பள்ளிக்கூடம் திறந்து சில நாள்தான் ஆகிறது, அதற்குள் பஸ்ஸின் கடைசி சீட்டில் யாரோ சூயிங்கம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். சுரண்டியதில் நகம் போயிற்று. பஸ் ஓட்டுவது பாதி வேலை, சுரண்டுவது மீதி வேலை.

மேட்டு நிலத்தின் கேட் இன்றும் பூட்டித்தான் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைக் கடக்கிறேன். மரக் கம்பெனிக்காரன் 'உள்ளே வரக் கூடாது' என்று மாட்டியிருந்த தகரம் போய்விட்டது. ஆணிகள் மட்டும் இருக்கின்றன. கம்பெனியிடமிருந்து நிலத்தை வாங்கிய காடு காக்கும் அறக்கட்டளை அதை எங்கள் பழங்குடிக்கே திருப்பிக் கொடுக்கப் போகிறது. அக்டோபர் பத்தொன்பது என்று கிரெட்சன் போனில் சொன்னாள். அறக்கட்டளையில் எங்களோடு பேசுகிறவள் அவள்தான். "லீட்டா, தேதி வந்தாச்சு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

எனக்கும் கத்தத்தான் தோன்றியது. யாரிடம் கத்துவது? முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவன் பிப்ரவரியிலேயே போய்விட்டான்.

இந்த இடத்தில் கை தானாக அவன் பெயரை எழுதப் போயிற்று. முதல் எழுத்தோடு நிறுத்தி அடித்துவிட்டேன். செத்துப்போனவர்கள் பெயரை நாங்கள் சொல்வதில்லை. குடும்பத்தில் பிறக்கிற ஒரு பிள்ளைக்கு நெருங்கிய சொந்தம் அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது மறுபடி வாய்க்கு வரலாம். அதற்கு முன்னால் கூப்பிட்டால் போனவன் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். எழுதலாமா கூடாதா என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

தம்பி. தம்பி என்று எழுதலாம்.

செப்டம்பர் 10

மழை வரும்போல இருந்து ஏமாற்றியது. இரவுச் சாப்பாடு ரொட்டியும் பீன்ஸும்.

செப்டம்பர் 14

ஞாயிறு. ஜெனீவா சித்தி வீட்டில் கஞ்சி மாவுக்கு ஓக் மரக் கொட்டை உடைத்தோம். அம்மாவின் தங்கை இவள். எண்பது தாண்டியாயிற்று, வாய் மட்டும் இருபதில் நிற்கிறது. தபால்காரர் வந்தார். அவருக்கும் தம்பியின் பெயர்தான். பிப்ரவரியிலிருந்து சித்தி அவரை "தபால்" என்றே கூப்பிடுகிறாள். அந்த வெள்ளைக்காரரும் சளைக்காமல் "என்னம்மா?" என்கிறார். நல்ல மனுஷன்.

தேதியைச் சொன்னேன். சித்தியின் கை நின்றது.

"நெசமாவா? போன தடவையும் இப்படித்தான் சொன்னானுங்க."

"இந்தத் தடவை நெசம்தான் சித்தி."

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப அப்பா என்னை வேலிக்கு அடியில உருட்டி விடுவார். உள்ள போய் கெழங்கு தோண்டிட்டு வரணும். காவக்காரன் வந்தா ஊமை மாதிரி நடிக்கணும்." சிரித்தாள். "இந்தத் தடவை கேட்டு வழியா நடந்து போறேன். நிமிர்ந்து போறேன், பாரு."

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "கோரலி ஏதாவது பேசினாளா?"

தம்பி மகள். மலைக்கு அந்தப் பக்கம் ரெடிங் நகரத்தில் இருக்கிறாள், வயிற்றில் பிள்ளை. சித்தி என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும், நான் என்ன நினைக்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் பெயர் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. கொடுக்கிறவள் வாயிலிருந்து தானாக வர வேண்டும். அவளோ அப்பாவின் சவ அடக்கத்துக்கு வந்து, காரை விட்டு இறங்காமலே போனவள்.

"இல்ல சித்தி," என்றேன்.

செப்டம்பர் 21

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

காலையில் கிரெட்சன் வந்து, "ஒரு விஷயம் காட்டணும், வாங்க," என்று மேட்டுக்கு அழைத்துப் போனாள். கேட்டை ஒட்டி ஒரு பழைய கொட்டகை. அதற்குள் தார்ப்பாய் போட்டு ஏதோ மூடியிருந்தது. இழுத்தாள். ரெட்வுட் மரப் பலகை, ஆள் உயரம். அதில் என் தம்பியின் பெயர், முழுப் பெயர், கைப்பிடி அளவு எழுத்துகளில். அவள் புருஷன் செதுக்கியதாம். இனி இந்த மேடே அவன் பெயரில்தானாம். நிலம் கொடுக்கிற அன்றைக்கு எல்லோர் முன்னாலும் திறப்பார்களாம்.

பேசிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் அவன் பெயர். நிலத்தைத் திரும்பக் கேட்ட முதல் கூட்டத்துக்கு அவன் புகையில் வாட்டிய சால்மன் மீன் பொட்டலத்தோடு வந்து மேசை நடுவில் வைத்தானாம். புல்வெளி காடாகிவிடாமல் அவ்வப்போது தீ வைப்பது எங்கள் வழக்கம். 'தீ வைக்கக் கூடாது' என்று அறக்கட்டளைக்காரர்கள் அடம் பிடித்தபோது, புல்வெளியைத் தின்றுகொண்டிருந்த ஊசியிலைக் கன்றுகளைக் கையால் பிடுங்கிக் காட்டினானாம். "உங்க காவலோட லட்சணம் இதுதான்"னு சொன்னானாம். சொல்லிச் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறமும் அந்தப் பெயர்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'நிறுத்து' என்றுதானே? "மரம் நல்லா இருக்கு," என்றேன். மரம் நல்லா இருக்காம்! என்ன ஜென்மம் நான்.

ஏன் வாயைத் திறக்கவில்லை — அதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஏழு மாதம் கழித்து அந்தப் பெயரைக் காதால் கேட்கிறேன். இன்னொரு தரம் சொல்லமாட்டாளா என்று இருந்தது.

செப்டம்பர் 22

பஸ்ஸில் பிள்ளைகள் போட்ட சத்தத்துக்கு நடுவிலும் அந்தப் பெயர்தான் கேட்டது.

செப்டம்பர் 28

சித்திக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் எதுதான் தெரியாமல் போகும்? மீன் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் போகும்போது கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசினாள். "பலகையைப் பாத்தியாமே. பாத்துட்டுக் கம்முனு வந்தியாமே."

"சித்தி, அவங்க ஆசையா செஞ்சிருக்காங்க—"

"ஆசையா செஞ்சாங்களா? எங்கக்கா பெத்த பிள்ளை நிம்மதியாப் போக வேண்டாமா? போறவன் வர்றவன் எல்லாம் படிச்சுப் படிச்சு அவனைக் கூப்பிட்டுட்டே இருப்பான். அவன் எத்தனை பேருக்குத் திரும்பிப் பாப்பான்?"

"நான் பேசறேன்."

"பேசு, பேசாம இரு. அந்தப் பலகை நிக்கிற வரைக்கும் நான் கேட்டைத் தாண்ட மாட்டேன். பொறந்ததிலேர்ந்து வெளியவே நின்னாச்சு. இன்னும் கொஞ்ச நாள் நின்னா கால் ஒடிஞ்சா போகும்?"

சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கிரெட்சனிடம் சொன்னால் அவள் மனசு ஒடியும். சொல்லாவிட்டால் சித்தி நிலத்தை மிதிக்காமலே போய்ச் சேர்வாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் யோசிக்கிறேன். பலகை போனால் அந்தப் பெயர் இந்த உலகத்தில் எங்கேயும் இருக்காதே என்று யோசிக்கிறேன்.

செப்டம்பர் 30

தைரியத்துக்கு யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. கோரலிக்குப் போன் செய்தேன். பிள்ளையைப் பற்றியோ பெயரைப் பற்றியோ வாயைத் திறக்கவில்லை. பலகை விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"பலகை வைக்கட்டுமே அத்தை. அப்பாவுக்கு அந்த நெலம்தான் பிள்ளை. நான் பள்ளிக்கூடம் முடிச்ச அன்னிக்குக்கூட அவர் கூட்டத்துலதான் இருந்தார்."

உண்மைதான். அன்றைக்கு அவளுக்குக் கை தட்டியது நான்தான்.

"சாப்பிடறியா நல்லா?" என்றேன்.

"வாந்திதான் வருது," என்றாள். "வெக்கிறேன் அத்தை."

அக்டோபர் 3

சொல்லிவிட்டேன்.

கிரெட்சன் அலுவலகத்துக்கே போனேன். எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், இல்லாவிட்டால் திரும்பி வந்திருப்பேன்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "இத்தனை வருஷம் உங்ககூடப் பழகியிருக்கேன். இது தெரியலையே எனக்கு."

"நீ பழகினவங்க யாரும் சாகலையே இதுக்கு முன்னாடி," என்றேன்.

"நான் அன்னிக்கு எத்தனை தடவை சொன்னேன்! நீங்க அப்பவே என் வாயைப் பொத்தியிருக்கலாமே லீட்டா?"

"கேக்கணும்போல இருந்துச்சு," என்றேன். வந்துவிட்டது வாயில்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவள் அழுதாள், இந்தப் பக்கம் நான். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எங்கள்ள ஒருத்தர் போயிட்டா பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவோம். எனக்கு வேற வழி தெரியலையே. என்ன செய்யறது இப்ப?" என்றாள்.

பலகையை எரிக்கச் சொல்ல மனசு வரவில்லை. கடைசியில், எழுத்துப் பக்கம் உள்ளே போகிற மாதிரி கொட்டகைச் சுவரில் வைத்து அடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். வெளியே பார்த்தால் வெறும் மரம்.

அக்டோபர் 12

சித்தி வந்து பார்த்தாள். கேட்டுக்கு வெளியே நின்றே பார்த்தாள். "சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கான். சரி. தூங்கட்டும்."

அக்டோபர் 19

சித்தி கேட் வழியாக நடந்து போனாள். நிமிர்ந்து. நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டாள். உள்ளே நாலடி வைத்ததும் புல்லிலே உட்கார்ந்துவிட்டாள். பயந்து ஓடினேன். "ஒண்ணுமில்லடி. உக்காந்து பாக்கறேன். இங்க உக்காந்ததே இல்லையே, ஓடிக்கிட்டேதானே இருந்தோம்," என்றாள்.

ரெட்வுட் குச்சிகளில் சால்மன் கோத்து நெருப்பைச் சுற்றி நட்டிருந்தார்கள். கொழுப்பு சொட்டுகிற வாசனை. கீழே ஆறு கடலில் விழுகிற இடம் முழுசாகத் தெரிந்தது. அறக்கட்டளைத் தலைவர் நிலம் இனி உங்களுடையது, சேர்ந்து காப்போம் என்றார். தீ வைத்துப் புல் வளர்க்கும் வேலையில் அவர்கள் ஆட்களும் எங்களோடு நிற்பார்களாம். எல்லாம் தம்பி கேட்டது. ஒன்று விடாமல் அவன் கேட்டது.

கிரெட்சன் பேச எழுந்தாள். "இந்த நாளுக்காகப் பாடுபட்ட ஒருத்தர்—" என்று நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லவில்லை. சித்தி அவளைக் கூப்பிட்டு, தன் தட்டிலிருந்த மீனின் வயிற்றுத் துண்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். சித்தி யாருக்கும் வயிற்றுத் துண்டு கொடுத்து நான் பார்த்ததில்லை.

எல்லோரும் சாப்பிடும்போது நான் மேட்டு விளிம்புக்குப் போனேன். சின்ன வயதில் ஆற்றின் அந்தக் கரையில் நின்று அவனைக் கத்திக் கூப்பிடுவேன், மலை திருப்பிக் கூப்பிடும். இன்றைக்கும் கூப்பிட்டிருந்தால் மலை கூப்பிட்டிருக்கும். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். டேய், எல்லாம் கெடைச்சிருச்சுடா. உன்னைக் கூப்பிட மட்டும் முடியல.

கோரலி வரவில்லை.

நவம்பர் 8

முதல் மழைக்கு அப்புறம் காய்ந்திருந்த இரண்டு நாளில் மேட்டுக்குத் தீ வைத்தோம். முடியெல்லாம் புகை வாசம். குளிக்க மனசில்லை.

நவம்பர் 23

மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம். கோரலி. வயிறு நன்றாகத் தெரிகிறது. "சும்மா வந்தேன் அத்தை," என்றாள். ரெடிங்கிலிருந்து மலைப் பாதையில் சும்மா வருகிற தூரமா இது? கேட்கவில்லை. சூப் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அந்த எடத்தைக் காட்டுங்க," என்றாள்.

தூறலில் போனோம். புல்வெளி கன்னங்கரேல் என்று கிடந்தது, நடுநடுவே பச்சை முளை. அவள் அதைப் பார்க்கவில்லை. கொட்டகைச் சுவரில் இருந்த வெறும் பலகையைத்தான் பார்த்தாள்.

"இதுதானா?"

"இதுதான். எழுத்து பின்னாடி இருக்கு."

பலகைக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. விரலை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள், முதல் எழுத்திலிருந்து, மெதுவாக. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அத்தை."

"ம்."

"எனக்கு அவர் மேல அவ்வளவு கோவம். தெனம் கோவம். பேரைச் சொல்லக் கூடாதுன்னா ஆசை தீரத் திட்டக்கூட முடியல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய, வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்து கேவினாள். அவள் முடியிலும் மழை, என் முடியிலும் மழை. தம்பி அவளைப் பற்றி என்னிடம் பேசியதையெல்லாம் சொன்னேன். நிறையப் பேசியிருக்கிறான். அவளிடம்தான் பேசவில்லை, மடையன்.

அவள் பெயர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன்.

மார்ச் 6

ஆண் பிள்ளை. தாயும் சேயும் நலம். போன் செய்தது கோரலியின் வீட்டுக்காரன். பெயர் கேட்டேனா? கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மார்ச் 7

கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 26

செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும். வரட்டும்.

கோரலி பிள்ளையோடு மேட்டுக்கு வந்தாள். எல்லோரையும் வரச் சொல்லியிருந்தாள், கிரெட்சனையும். தீ போன இடமெல்லாம் புல் முழங்கால் உயரம், சித்தி சின்ன வயதில் திருடித் தோண்டிய கிழங்குச் செடியெல்லாம் நீலமாகப் பூத்திருந்தது. கோரலி சித்தியின் மடியில் பிள்ளையைக் கிடத்தினாள். அப்புறம் எங்கள் எல்லோரையும் பார்த்து, "எங்கப்பா பேரை இவனுக்குக் குடுக்கறேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிள்ளை கையில் பட்ட சித்தியின் நரைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

"வெண்டல்!" என்றாள் சித்தி. "முடியை விடுடா வெண்டல், வலிக்குது!"

கிரெட்சன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் பலகையைத் திருப்பி வைக்கச் சுத்தியல் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார்கள். ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. நான் மேட்டு விளிம்புக்குப் போகவில்லை. போய்க் கத்த வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டான், கோரலி கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தாள். அதனால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, புல்லுக்குள் இப்படியும் அப்படியும் நடந்தேன்.

அழாதே வெண்டல், என்றேன். ஒண்ணுமில்லை வெண்டல். அத்தைப்பாட்டி இருக்கேன் வெண்டல்.