ஙானாவில் ஆரம்பித்த பாடம்

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்திருந்தாள். செம்பூர் வீட்டு அடுக்களையை ஒதுக்குகிறார்களாம். பை நிறைய எவர்சில்வர் டப்பாக்களை என் முன்னால் வைத்து, "உம்மா சாமான், பெரியம்மா. எங்களுக்கு இவ்ளோ வேணாம், நீங்க வச்சுக்குங்க" என்றாள். ஒன்றைத் திறந்தேன். மிளகு. அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நீ மவுத்தாகி, மண்ணுக்குள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. அதுவரை வராத அழுகை, தும்மலோடு சேர்ந்து வந்தது.

மூடியில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் உருது எழுத்தில் பெயர் எழுதியிருந்தாய். உன் மகள் எழுத்துக் கூட்டினாள். "முல்க். முல்க்னா நாடு. மிளகு டப்பாவுல உம்மா எதுக்கு நாடுன்னு எழுதுனாங்க?"

அது நாடு இல்லை. உருதுவே இல்லை, தமிழ். மிளகு என்பதைத்தான் உனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதியிருந்தாய். நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். அதை உன்னிடமே நான் கடைசிவரை மறைத்தவள். இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் இருவருக்கும் ஒரே நாளில் நிக்காஹ். அண்ணனுக்கு நான், தம்பிக்கு நீ. அன்றிலிருந்து நான் உனக்கு லாத்தா, அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் பம்பாய்க்கு வந்தோம். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், தமிழ்க் கட்டுரைப் போட்டியில் பள்ளிக்கே முதல் பரிசு வாங்கியவள். நீ பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். எட்டு வயதிலேயே உன்னைப் பீடி சுற்ற உட்கார்த்திவிட்டார்கள். ஆனால் ஓதப் போன இடத்தில் குர்ஆனை மூன்று தடவை முடித்திருந்தாய். அரபி உனக்கு அர்த்தம் தெரியாது, வாசிப்பு மட்டும் தங்குதடையில்லாமல் ஓடும்.

ரயிலில் நான் இந்திப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். நீ வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாய். சோலாப்பூரில் கொய்யாப்பழக்காரியிடம் ஜன்னல் வழியே விரலை நீட்டி, தலையை ஆட்டி, எப்படியோ பேசி முடித்துவிட்டு, "கித்னான்னா எவ்வளவு லாத்தா" என்று என் கையில் ஒரு பழத்தை வைத்தாய். அந்த வார்த்தை என் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் ஏழாம் பக்கத்தில் இருந்தேன்.

தாராவியில் கீழே தோல் பை தைக்கும் பட்டறை, ஏணி ஏறினால் நம் அறை. காலையில் சந்துக் குழாயில் தண்ணீர் வரும். நான் குடத்தோடு நின்றுகொண்டு மனதுக்குள் வாக்கியம் கட்டுவேன். பானி என்றால் தண்ணீர், ஆண்பால். பால்டி என்றால் வாளி, பெண்பால். அப்படியானால் வினைச்சொல் எப்படி முடியும்? நான் முடிவுக்கு வருவதற்குள் குழாய் நின்றுவிடும். நீ முதல் வாரமே, "பானி ஆயீ! பானி ஆயீ!" என்று கத்தினாய். சந்தே சிரித்தது. நீயும் கூடச் சிரித்துக்கொண்டே இரண்டு குடம் பிடித்தாய்.

"பானி ஆணுட்டி. ஆயான்னு சொல்லணும்" என்று திருத்தினேன்.

"தண்ணியில என்ன லாத்தா ஆம்பளை, பொம்பளை? குடிச்சா தாகம் தீருதுல்லா?"

மூன்றே மாதத்தில் பால்காரனோடு சண்டை போட்டாய். பட்டறைக்கு வரும் பீகார் பையன்களின் கல்யாணக் கதையெல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. நான் தப்பில்லாமல் பேசக் காத்திருந்தேன், அதனால் பேசவே இல்லை. ஒருநாள் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "பன்னெண்டு படிச்சவ வாய் தொறக்க மாட்டேங்குறா. படிக்காதவ பேச்சப் பாரு" என்றார். நீ உடனே, "லாத்தா பேசுனா சரியாத்தான் பேசுவாங்க மச்சான்" என்று எனக்குப் பரிந்து பேசினாய். அவர் சொன்னதைவிட நீ சொன்னதுதான் எனக்கு எரிந்தது.

அடுத்த வீட்டில் சுனந்தா இருந்தாள், மராத்திக்காரி. அவளிடமிருந்து மராத்தியையும் எடுத்துக்கொண்டாய். என் முதல் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட வந்தாய். நர்ஸுக்கு மராத்திதான் வாய்க்கு வந்தது. நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, நீ என் இடுப்பில் கைவைத்து, "இதே துக்தய், இதே" என்று, இங்கேதான் வலிக்கிறதென்று, அவளுக்குக் காட்டினாய். அவள் உன்னைப் பார்த்துத் தலையசைத்தாள், என்னைப் பார்க்கவில்லை. பிள்ளை பெறுகிற நேரத்தில் எந்தப் பெண்ணுக்கும் வேறு நினைப்பு இருக்காது என்பார்கள். எனக்கு இருந்தது. என் வலியைக்கூட இவள்தான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன்.

எந்த மொழி கஷ்டம் என்று நாம் போட்ட சண்டைகள் நினைவிருக்கிறதா? காய் நறுக்கும்போதெல்லாம் அதுதான். நான் புத்தகத்தை வைத்துப் பேசுவேன். இந்தியில் இரண்டு பால், மராத்தியில் மூன்று, ஆகவே மராத்திதான் கஷ்டம் என்பேன். நீ தலைகீழாகச் சொல்வாய். "இந்திதான் கஷ்டம் லாத்தா. அதுல நம்ம 'ள' இல்ல. மராட்டியில இருக்கு. வெள்ளம், பள்ளம்னு பழகுன நாக்குக்கு அது லேசு." இன்னொரு நாள் சொன்னாய்: "திட்டு வாங்கும்போது எந்தப் பாஷையில சிரிப்பு வருதோ, அது நமக்கு வந்துருச்சுன்னு அர்த்தம்." எனக்கு எந்த மொழியில் திட்டினாலும் அழுகைதான் வந்தது.

பிறகு உன் மாப்பிள்ளை, என் கொழுந்தனார், துபாய்க்குப் போனார். அவர் தமிழில் கடிதம் போடுவார். நான்தான் உனக்குப் படித்துச் சொல்வேன். உனக்கு மட்டுமென்று எழுதிய வரிகள் வரும்போது நீ தலையைக் குனிந்துகொள்வாய். நான் வேண்டுமென்றே அந்த இடத்தில் மெதுவாகப் படிப்பேன். பதிலும் நான்தான் எழுதுவேன். "எப்ப வருவீங்க, கண்ணுக்குள்ளயே நிக்கிறீங்கன்னு எழுதுங்க லாத்தா" என்பாய். 'தங்கள் வரவை ஆவலுடன் எதிர்நோக்கியிருக்கிறேன்' என்று எழுதுவேன். பம்பாயில் நான் நிமிர்ந்து உட்கார்ந்த நேரம் அது ஒன்றுதான்.

ஒரு கடிதத்தில் அவர், 'இது நீ எழுதுற மாதிரி இல்ல, ஆபீஸ்ல இருந்து வந்த மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தார். அதை நான் படிக்காமல் விட்டிருக்கலாம். வாய் தவறிப் படித்துவிட்டேன். மறுநாள் மதியம் ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலுமாக வந்து நின்றாய்.

"எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தாங்க லாத்தா."

உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இந்தியை மூன்று மாதத்தில் பிடித்தவளுக்குத் தமிழ் எழுத்து எத்தனை நாள் ஆகும்? என் கணக்கில் நாற்பது நாள். நாற்பத்தோராவது நாள் எனக்கென்று என்ன மிச்சம் இருக்கும்?

"அரபி இருபத்தெட்டு எழுத்து. தமிழ் இருநூத்தி நாப்பத்தேழு" என்றேன். "உலகத்துலயே கஷ்டமான எழுத்துட்டி இது." அதோடு நிற்கவில்லை. அம்மா, ஆடு என்று ஆரம்பிக்காமல் ஙானாவில் ஆரம்பித்தேன். ங, ஙா, ஙி, ஙீ, ஙு, ஙூ. தமிழில் யாரும் வாழ்நாளில் எழுதத் தேவைப்படாத எழுத்துகள். ஒரு வாரம் முழுக்க அதையே எழுதவைத்தேன். வளைவு சரியில்லை என்று எழுதியதை அடித்து, மறுபடி எழுதச் சொன்னேன். விரல் வலிக்கிறதென்று நீ கையை உதறியபோது, "இதுக்கே இப்படின்னா?" என்று கேட்டேன்.

பத்தாவது நாள் நோட்டை மூடிவைத்தாய். "நம்மளால ஆகாது லாத்தா. பேசத்தான் தமிழ் லேசு" என்றாய். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அன்று இரண்டு கவளம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து, உருதுப் பத்திரிகையில் மடித்து வந்த பலகாரத்தை நீ பிரித்தாய். பலகாரத்தை என் பக்கம் தள்ளிவிட்டுத் தாளைப் படித்தாய். அரபி எழுத்து உன் கைவசம் இருந்தது. அதற்குமேல் கூடுதலாக இருந்த சில எழுத்துகளைக் கடைப் பலகைகளைப் பார்த்தே பிடித்துவிட்டாய். பேச்சு ஏற்கெனவே தெரியும். ஆக, உருது யாரும் சொல்லித் தராமலே உனக்கு வந்துவிட்டது. அடுத்த கடிதத்தை எழுத நீ என்னைக் கூப்பிடவில்லை. துபாயிலிருந்து வந்த பதிலையும் என்னிடம் கொண்டுவரவில்லை. ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்து, நீயே படித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். உன் மாப்பிள்ளையும் ஓதியவர்தானே. தமிழை அந்த எழுத்தில் எழுதிக்கொள்ள இருவரும் வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் கீழே நின்று உன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உனக்குத் தெரியாதது. நானும் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டேன். சின்ன வயதில் ஓதியது அடியில் கிடந்தது. பலகாரம் மடித்த தாள்களைப் படுக்கைக்கு அடியில் சேர்த்துவைத்து, நீ இல்லாத நேரங்களில் எழுத்துக் கூட்டினேன். இந்தி வராத எனக்கு, மராத்தி வராத எனக்கு, அந்த எழுத்து ஒன்றரை மாதத்தில் வந்துவிட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற வெறி. அவ்வளவுதான்.

நீயும் சுனந்தாவும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த மதியம் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலாக இருந்த கடிதத்தை எடுத்தேன். ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. நீ எழுதியதற்கு அவர் எழுதிய பதில் அது.

'லாத்தா வேணும்னேதான் ஙானாவுல ஆரம்பிச்சாங்கன்னு எழுதியிருக்க. பட்டறையில தொங்குற தமிழ் காலண்டர் பூரா தேடியும் ஒரு ஙா, ஒரு ஙீ கூட இல்லன்னு எழுதியிருக்க. கேக்க வேண்டாம்னு விட்டேன், அவங்களுக்கு இங்க தமிழ விட்டா வேற ஒண்ணுமில்ல, அதையும் நான் எடுத்துக்கிட்டா என்னத்த வச்சு நிமிந்து நடப்பாங்கன்னும் நீயே எழுதியிருக்க. பொறவு எதுக்குப் புள்ள அழுத?'

படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து தெரியாத நீ, காலண்டரின் முன்னால் நின்று ஒவ்வொரு வடிவமாக ஒப்பிட்டுத் தேடியிருக்கிறாய். கண்டுபிடித்திருக்கிறாய். உன்னால் ஆகாமல் போகவில்லை. எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாய்.

வெட்கப்பட்டேன். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், வெட்கத்துக்கும் மேலாகப் பொறாமைதான் வந்தது. மொழிகளை எல்லாம் எடுத்துக்கொண்டாய், போகட்டும். பெரிய மனதையும் நீயே எடுத்துக்கொண்டாயே. எனக்கென்று இருந்த ஒன்றே ஒன்று, நீ வேண்டாமென்று விட்டதால் என்னிடம் இருந்தது. கடிதத்தை மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு, நீ திரும்பி வந்ததும், "வளைகாப்பு எப்படிட்டி?" என்று கேட்டேன். "ஜோரு லாத்தா" என்று சொல்லி என் கையில் வளையல் போட்டுவிட்டாய்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் பெட்டியைத் திறந்ததையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். உன் மாப்பிள்ளை திரும்பி வந்தார், நீங்கள் செம்பூர் திலக் நகருக்கு வீடு மாறிப் போனீர்கள். பெருநாளைக்குப் பெருநாள் பார்த்துக்கொண்டோம். ஒரு தடவை தனியாக இருந்தபோது, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ ஆறுது லாத்தா" என்றாய். தெரிந்துதான் தடுத்தாயோ, எனக்குத் தெரியாது. பிறகு ஒரு காலையில் நெஞ்சுவலி என்றார்கள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உன் வீட்டில் அன்றைக்கு எத்தனை மொழியில் அழுகை கேட்டது! மேல்மாடி குஜராத்திக்காரி, மீன்காரி, உருது பேசும் தையல்காரர் மனைவி, எல்லோருக்கும் உன்னைப் பற்றிச் சொல்ல ஏதோ இருந்தது. ஒருத்தி என்னைப் பார்த்து, நீங்கள் அவளுக்கு என்ன வேண்டும் என்று மராத்தியில் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அங்கேயும் நான் பின்தங்கித்தான் நின்றேன்.

சுனந்தா இன்னும் இந்தச் சந்தில்தான் இருக்கிறாள். நீ போன பிறகு வியாழக்கிழமை மதியங்களில் என்னிடம் வந்து உட்காருகிறாள். உன்னைப் பற்றித்தான் பேச்சு. முதலில் எனக்குக் கால்வாசிதான் புரிந்தது. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு நோட்டு வாங்கி மராத்தி வார்த்தைகளைத் தமிழில் எழுதிப் படிக்கிறேன். மூன்று பாலும் என்னைப் படுத்துகின்றன. படிக்கிற ஆசையெல்லாம் இல்லை. உன்னில் பாதி மராத்தியில் இருக்கிறது. அதை அவளிடமே விட்டுவிட எனக்கு மனமில்லை.

போன வாரம் சொன்னாள்: ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு ஒருநாள் நீங்கள் இருவரும் பஸ் ஏறி தாதர் கடற்கரைக்குப் போனீர்களாம். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, புர்கா முழங்கால் வரை நனைய, அலையில் நின்று சிரித்தாயாம். 'ஆம்ஹி தோகீ' என்றாள் சுனந்தா. நாங்க ரெண்டு பேரும். இந்தியில் என்றால் 'ஹம்' என்று பொதுவாகப் போயிருக்கும். மராத்தியில் தமிழைப் போலவே நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்கிற ஆளைச் சேர்க்காத சொல்லை அவள் சொன்னாள். அந்த வித்தியாசம் எனக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்த இடத்தில் சுருக்கென்று குத்தியது.

உன்னோடு நான் ஒரு தடவைகூடக் கடலுக்குப் போனதில்லை.

அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். "மக்?" என்றேன். அப்புறம் என்ன என்று அர்த்தம்.