மைக்செட்காரர் மகள்

அன்பான அப்பாவுக்கு மகளின் வணக்கம். முட்டிவலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

விபத்தில் விரல்கள் செயலிழந்த ஒரு கொத்தனாரின் நரம்பில் உயிர் இருக்கிறதா என்று நேற்று எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தோம். தசையில் ஓடும் மின்சாரத்தை எங்கள் கருவி ஒலியாக்கும். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்தான் கேட்டது.

"நரம்பு போயிடுச்சு, விட்டுடலாம்" என்றார் பேராசிரியர்.

கருவிக்கு இரண்டு எர்த் கம்பிகள் கொடுத்திருந்தார்கள். பார்த்ததும் சொல்லிவிட்டேன். "சார், ஒண்ணைக் கழட்டிடலாம். ரெண்டு இருந்தா இரையும்."

"எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?"

"எங்கப்பா மைக்செட்காரர், சார்."

கழற்றியதும் இரைச்சல் நின்றது. கொத்தனார் முயன்றார். விரல் அசையவில்லை, ஆனால் ஸ்பீக்கர் சடசடத்தது.

"என் கையா பேசுது?" என்று அழுதேவிட்டார்.

நீங்களும் அம்மாவும் சண்டை போடுவதைப் பதிவுசெய்து அனுப்புங்கள். என் அறையில் சத்தமே இல்லை.

கொத்தனார் வந்துவிட்டார் அப்பா. இன்று அடுத்த விரல்.

உங்கள் மகள்