புகை அறைக்கு ஜோடி

திண்டிவனம்,
12.8.1986

அன்புள்ள அப்பாவுக்கு, விடுதியிலிருந்து கிருஷ்ணவேணி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

நேற்று தீயணைப்புத் தொண்டர் சோதனை நடந்தது. புகை நிரப்பிய அறைக்குள் இருவராகத் தவழ்ந்து போய் மணல் மூட்டையை இழுத்து வர வேண்டும். பின்னால் வருபவர் முன்னவரின் கணுக்காலை விடக்கூடாது. தனியாக வந்தால் சான்றிதழ் கிடையாது. என் ஜோடி ஜெயம். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் காலைப் பிடித்த பிடி கடைசிவரை தளரவேயில்லை.

வெளியே வந்தால் ஜெயம் வேப்பமரத்தடியில் இருமிக்கொண்டிருந்தாள். "நான் வாசல்லயே திரும்பிட்டேன்டி. நீ பாட்டுக்குப் போய்க்கினே இருந்த!"

பயிற்சி தரும் சவுரிராயன் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவசரமாகப் புகை அறையின் கதவைச் சாத்தினார். "ஜோடி இல்லன்னா ரூல்படி பெயிலும்மா. அடுத்த வாரம் வேற ஆளை இட்டுக்கினு வா."

எல்லோரும் வர மறுக்கிறார்கள். நீங்கள் பயப்படாதீர்கள். ஞாயிறன்று வறுத்த மல்லாட்டைக் கடலையும், கணுக்காலில் பதிந்த விரல் தடத்தை மறைக்க நீளமான காலுறையும் எடுத்துக்கொண்டு ஒரு நடை வந்து போங்கள்.

நம் தெரு எரிந்தபோது சும்மா நின்றேனே அப்பா, அதனால் இந்தச் சான்றிதழ் எனக்கு வேண்டும். ஜோடி உள்ளேயே இருக்கிறது, நான் மட்டும் போனால் போதும் என்று சாரிடம் சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
வேணி