வாசிக்காமல் விட்ட பெயர்கள்

ஒக்டோபர், ஞாயிறு. அமெரிக்கா, மான்மவுத் ஜங்ஷன், நண்பர் வீடு.

இன்று மதியம் இங்குள்ள எங்கள் சனம் ஒரு மண்டபத்தில் எனக்குக் கூட்டம் வைத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக இலங்கைப் பாராளுமன்றத்தில் நான் பேசியதற்குப் பாராட்டு. ஒரு அமைச்சர் குறுக்கே கத்த, நான் திருப்பிக் கொடுத்த வீடியோவைத் திரையில் போட்டார்கள். ஒரே கைதட்டல். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தேநீர் நேரத்தில் ஒரு அம்மா கிட்ட வந்தார். மகளோடு இங்கே இருக்கிறாராம்.

“தம்பி, அண்டைக்கு விடிய நாலு மணிக்கே எழும்பி லைவ்வில பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் ஒவ்வொரு பேராய் வாசிச்சியள். என்ர மகன்ர பேர் வரேல்லையே?”

“நேரம் முடிஞ்சுதம்மா. மிச்சப் பட்டியலைச் சபையில சமர்ப்பிச்சிட்டன். சபைப் பேச்செல்லாம் பதியிற ஹன்சாட் புத்தகத்தில அச்சாகியிருக்கு.”

“அப்ப ஒருத்தரும் வாயால சொல்லேல்லை” என்றார். குரலில் கோபமே இல்லை. “தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அதில் மூன்றை அந்த அமைச்சரோடு மல்லுக்கட்டித் தின்றுவிட்டேன். இன்று கைதட்டு வாங்கியதும் அதே மூன்று நிமிடம்தான். அவருக்குப் பதில் கொடுக்காமல் பெயர்களை வாசித்திருந்தால் இன்னும் இரண்டு பக்கம் ஓடியிருக்கும். இதை அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

பட்டியல் என் போனில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் திறந்தேன், அந்தப் பெயரை மட்டுமாவது ஒருதரம் உரத்து வாசிக்கலாம் என்று. அப்போதுதான் உறைத்தது.

மகனின் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை.